உக்காராதீங்க சார், அது டிசைன்!

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. ஆர்க்கிடெக்சர் படிச்ச பதிவர்கள் சிலர் இந்தப் பக்கம் வந்து போறீங்கன்னு தெரியும். கல்லை எடுக்கறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க சாமிகளா. நான் அந்தத் துறை ஆள் கிடையாது. கணக்கு எழுதிப் பொழப்பை ஓட்டறவன். ஆனா ஒரு வீட்டுல குடியிருக்கேன், ஒரு நாற்காலியில தினமும் எட்டு மணி நேரம் உக்கார்றேன். பேசறதுக்கு அந்தத் தகுதி போதும்ங்கறதுதான் இந்தப் பதிவோட வாதமே.

சொல்ல வர்றதை மொதல்லயே போட்டு உடைச்சிடறேன். கட்டிடக்கலையோ ஃபர்னிச்சர் டிசைனோ படிக்கற ஒவ்வொரு மாணவரும், படிப்பு முடியறதுக்குள்ள ஒரே ஒரு பொருளையாவது நிஜ அளவுல, நிஜமான ஒரு ஆளுக்காக, தன் கைபட செஞ்சு முடிக்கணும். ஸ்டூலா இருந்தாலும் சரி, பஸ் ஸ்டாப் நிழற்குடையா இருந்தாலும் சரி. ஆறு மாசம் அதை உபயோகப்படுத்தின ஆளுக்கு மார்க் போடறதுல பங்கு இருக்கணும். அவ்வளவுதான்.

இதுல என்ன புதுசுன்னு கேப்பீங்க. எனக்கும் இது ஏற்கனவே நடந்துட்டிருக்கற விஷயம்னுதான் நினைப்பு. போன வருஷம் அக்கா பொண்ணு படிக்கற காலேஜ்ல கண்காட்சி வெச்சிருந்தாங்க, "மாமா கண்டிப்பா வரணும்"னு கூப்பிட்டா. (காலேஜ் பேரெல்லாம் வேண்டாம், விடுங்க.) ஹால் முழுக்க ஷீட்டுங்க. ஏர்போர்ட், மியூசியம், கன்வென்ஷன் சென்டர், மறுபடியும் ஏர்போர்ட். எல்லாப் படத்துலயும் சாயங்கால வெயில், பொன் நிறத்துல வானம். தென்மாவட்டத்து ஊர் ஒண்ணோட பஸ் ஸ்டாண்டை மாத்திக் கட்டற ப்ராஜெக்ட் இருந்தது. படத்துல பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க யாருன்னு பார்த்தா, கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருத்தரு, நாயைப் புடிச்சுக்கிட்டு ஓடற ஒரு பொன்முடிப் பொண்ணு. மூட்டையோட ஒருத்தர் கிடையாது. வெத்தலை போடற பாட்டி கிடையாது. சாஃப்ட்வேரோட வர்ற ஆட்களாம், அப்படியே ஒட்டிக்கறதாம். ஊர்க்காரங்க யாருமே இல்லாம ஊருக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு!

அடுத்த ரூம்ல ஃபர்னிச்சர். பன்னிரண்டு நாற்காலி வரிசையா. கால் வலி வேற, நல்லதா ஒண்ணு பார்த்து உக்காரப் போனேன். எங்கிருந்தோ ஒரு பையன் பாய்ஞ்சு வந்தான். "சார் சார்... உக்காராதீங்க சார், அது டிசைன்!"

சிரிச்சுட்டேன். பாவம் அவன் சிரிக்கலை. பின்னங்கால் சேர்ற இடத்துல விரிசல் விட்டிருக்குன்னு மெதுவா சொன்னான். பக்கத்துல அட்டையில "கடல் அலையின் சுருளிலிருந்து பிறந்த வடிவம்"ங்கற மாதிரி ஏதோ எழுதியிருந்தது. "ஜூரில இதுல உக்காந்து பார்த்தாங்களாப்பா?"ன்னு கேட்டேன். "இல்ல சார். ஜூரி மெம்பர்ஸ் அவங்க சேர்ல உக்காந்திருந்தாங்க."

பையன் கிண்டலா சொல்லலை, நடந்ததைச் சொன்னான். நான் அதுலயே அப்படியே நின்னுட்டேன்.

தெளிவா சொல்லிடறேன், நான் பசங்களைக் குத்தம் சொல்லலை. அந்தப் பசங்க மூணு நாள் தூங்கியிருக்க மாட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணு விரல் பூரா கட்டர் பிளேடு கிழிச்ச தழும்பு. பத்து செமஸ்டர், அதுல ஒண்ணு ஏதாவது ஆபீஸ்ல பயிற்சி, கடைசியில தீசிஸ். தலைக்கு மேல வேலை. தெர்மாகோலும் ஃபோம் போர்டும் வாங்கியே அப்பனாத்தா சொத்து கரையுது. ஆனா இத்தனை உழைப்பும் எங்க போய்ச் சேருதுன்னு பாருங்க. ஜூரி முடிஞ்ச மறுநாள் மாடலெல்லாம் குப்பைக்கு. நாற்காலிங்க பட்டறைக்குப் பின்னாடி ஓரமா, மழையில நனைஞ்சுக்கிட்டு. அந்தப் பொருளை உபயோகிச்சுப் பார்த்து "இங்க குத்துதுப்பா"ன்னு சொல்ல ஒரு ஜீவன் கிடையாது.

நாற்காலிங்கறது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லீங்க. வீடு கட்டறதைவிட அதுல ஏமாத்தறது கஷ்டம். உக்கார்ற மனுஷன் நேரா உக்கார மாட்டான், பின்னாடி சாய்வான், முன்னங்கால் ரெண்டையும் தூக்கி ஆட்டுவான். அவன் எடை அத்தனையும் அப்போ பின்னங்காலும் இருக்கைச் சட்டமும் சேர்ற மூட்டுலதான் போய் விழும். மரத்துக்கு ரேகை உண்டு. நேர்ப்பலகையில இருந்து வளைவான காலை அறுத்து எடுத்தா, வளைவுல ரேகை குறுக்கே ஓடும், அந்த இடத்துல பிஸ்கட் மாதிரி பட்டுனு போயிடும். மழைக்காலத்துல மரம் ரேகைக்குக் குறுக்கு வாட்டத்துல விரியும், வெயில்ல சுருங்கும். மேஜைப் பலகையை நாலு பக்கமும் அசையாம இறுக்கிட்டீங்கன்னா பங்குனி சித்திரையில தானா வெடிக்கும். இதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில தெரியாது. திரையில எல்லா மரமும் ஒரே மரம், எல்லா ஆளும் வெயிட்டே இல்லாத ஆளு.

அப்போ இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆசாரிக்குத் தெரியும். இங்கதான் எனக்கு நிஜமாவே மனசு உறுத்துச்சு.

எங்க பொண்ணோட நாற்காலியைச் செஞ்சது காலேஜ் பட்டறை இல்லை, அவளும் இல்லை. வெளிய ஒரு ஆசாரிகிட்ட படத்தைக் குடுத்து 6,500 ரூபாய்க்குச் செஞ்சு வாங்கியிருக்காங்க. முக்காவாசிப் பேர் அப்படித்தான்னு அவளே சொன்னா. அந்த ஆசாரி படத்தைப் பார்த்துட்டு என்ன சொன்னாராம் தெரியுமா? "ஏனுங்க கண்ணு, இந்தக் காலு படத்துல நிக்குமுங்க, தரையில நிக்காதுங்க." சொல்லிட்டு, காலை அரை இஞ்ச் தடிமனாக்கி, சட்டத்துல துளை போட்டு, காலோட முனையைச் செதுக்கி அதுக்குள்ள இறக்கி, குறுக்கே ஒரு மூங்கில் ஆணி அடிச்சுக் குடுத்திருக்கார். பன்னிரண்டுல ஆட்டம் காணாம நின்னதுல அதுவும் ஒண்ணு. நல்ல மார்க்கு. அட்டையில யார் பேரு? அவ பேரும், கைடு பேரும். ஆசாரி பேரு எங்கயும் இல்லை. "போட்டிருக்கணும்ல கண்ணு"ன்னேன். "அப்படிப் போடறதுக்கு அட்டையில இடமே இல்ல மாமா"ன்னா. இடம் இல்லைன்னா எழுத இடம் இல்லைன்னு அவ சொல்லலை. அந்த மாதிரி ஒரு கட்டமே படிவத்துல கிடையாது.

இன்னொரு சமாச்சாரம். உக்கார்ற உயரம் எல்லா நாற்காலிக்கும் 45 செ.மீ. ஏன் 45ன்னு கேட்டா "நோய்ஃபெர்ட்ல இருக்கு"ன்னாங்க. எர்ன்ஸ்ட் நோய்ஃபெர்ட்ங்கற ஜெர்மன்காரர் 1936ல போட்ட அளவுப் புத்தகம், உலகம் பூரா ஆர்க்கிடெக்சர் பசங்களுக்கு அதுதான் பஞ்சாங்கம். நல்ல புத்தகம்தான். ஆனா அவர் அளந்தது யாரு காலை? எங்க அம்மா 45 செ.மீ. நாற்காலியில உக்காந்தா பாதம் தரையைத் தொடாது. தொடைக்கு அடியில இருக்கையோட விளிம்பு அழுத்தி, பத்து நிமிஷத்துல கால் மரத்துப் போகும். நம்ம நாட்டு உடம்பு அளவுக்குன்னே தேப்குமார் சக்ரவர்த்தி ஒரு தொகுப்பு தயார் பண்ணி, அகமதாபாத் என்.ஐ.டி. 1997லயே வெளியிட்டிருக்கு. அதைப் புரட்டினா போதாதா? இல்லை, அதுகூட வேண்டாம்ங்கறேன். வீட்டுல இருக்கற பாட்டியை உக்கார வெச்சு டேப்பை எடுத்து அளந்தா என்ன?

நோய்ஃபெர்ட் பேரை எடுத்ததால ஒரு கொசுவர்த்தி சுத்திக்கறேன். இவர் 1919ல வைமர் ஊர்ல பௌஹவுஸ் பள்ளி தொடங்கினப்போ முதல் மாணவர்கள்ல ஒருத்தர். அந்தப் பள்ளியில ஒவ்வொரு பட்டறைக்கும் ரெண்டு வாத்தியார். ஒருத்தர் வடிவத்துக்கு, பெரும்பாலும் ஓவியர். இன்னொருத்தர் கைவேலைக்கு, அசல் தொழிலாளி. (கைவேலை வாத்தியாருக்கு சமமான அதிகாரம் அங்கயும் கிடைக்கலைங்கறது தனிக்கதை. ஆசாரி நிலைமை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.) ஹங்கேரியில இருந்து 1920ல அங்க வந்து சேர்ந்த ஒரு பதினெட்டு வயசுப் பையன் தச்சுப் பட்டறைக்குப் போனான். மார்செல் பிராயர். மாணவனா இருக்கும்போதே 1922 வாக்குல மரச் சட்டங்களால ஒரு நாற்காலி செஞ்சான். மரம் எலும்புக்கூடு மாதிரி நிக்கும். உடம்பு சாயற இடத்துல எல்லாம் நெசவுத் துணிப் பட்டை, மரம் முதுகுல படாது. பின்னால 1925ல இரும்புக் குழாயை வளைச்சு அவர் செஞ்ச நாற்காலிதான் உலகப் புகழ் அடைஞ்சது. சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து வந்த யோசனைன்னு சொல்வாங்க. அந்தக் குழாய் நாற்காலிக்குப் பின்னாடி, மாணவப் பருவத்துல உளி புடிச்ச அந்த மூணு நாலு வருஷம் இருக்கு.

அதே பள்ளியில எனக்கு இன்னும் புடிச்ச ஆளு அல்மா பூஷர். 1922ல வந்து சேர்ந்த இவங்களை பொண்ணுங்கறதால மொதல்ல நெசவுப் பக்கம் தள்ளிவிட்டாங்க. இவங்க அங்க இருந்து நகர்ந்து மரவேலைப் பட்டறைக்கு வந்தாங்க. 1923ல அந்தப் பள்ளி மாதிரி வீடு ஒண்ணு கட்டிக் காட்சிக்கு வெச்சது. அந்த வீட்டோட தட்டுமுட்டுச் சாமானெல்லாம் பெரும்பாலும் மாணவர்கள் வேலை. குழந்தைங்க ரூம் அல்மாவோடது. அலமாரின்னு சொல்லிக்கற சாமான், ஆனா அதோட பெட்டிகளை உருவி வெளிய எடுத்தா குழந்தை அதுல ஏறி உக்காரலாம், அடுக்கலாம், வண்டியா இழுக்கலாம். கதவைத் திறந்தா பொம்மலாட்ட மேடை. கூடவே 22 மரத்துண்டுல கப்பல் கட்டற ஒரு விளையாட்டுச் சாமான். பிற்காலத்துல ஒரு ஸ்விஸ் கம்பெனி அதை மறுபடி தயாரிச்சு வித்தது. ஒரு மாணவியோட ப்ராஜெக்ட்டுங்க! குழந்தைங்க எப்படி விளையாடுதுன்னு பார்த்துச் செஞ்சதால நின்னுச்சு. அல்மா 1944ல குண்டுவீச்சுல செத்துப் போனாங்க. அந்தக் கப்பலோட புகழைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை.

சரி, நாற்காலி ஓக்கே, கட்டிடத்தை எப்படிய்யா பசங்க கட்டுவாங்கன்னு கேக்கறவங்களுக்கு: கட்டியிருக்காங்க. அமெரிக்காவுல யேல் பல்கலையில 1967ல சார்ல்ஸ் மூர் ஆரம்பிச்சு வெச்சதுல இருந்து, முதல் வருஷ முதுகலைப் பசங்க சேர்ந்து நிஜமாவே ஒரு கட்டிடம் கட்டறாங்க. மொதக் கட்டிடம் கென்டக்கியில ஒரு ஏழை ஊருக்கு சமுதாயக் கூடம். ஆனா எனக்கு முக்கியமாப் படறது அலபாமா கதை. அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அலபாமாவோட மேற்குப் பக்கம் ஹேல் கவுன்ட்டின்னு ஒரு பகுதி. பருத்தி விளைஞ்ச பூமி, அதனால அடிமைமுறையோட பூமி. கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை, வறுமையும் ஜாஸ்தி. ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் மோக்பீ, டி.கே. ரூத்ங்கற ரெண்டு பேர் 1993ல மாணவர்களை அங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. காலேஜ்ல இருந்து 240 கிலோமீட்டர் தள்ளி. ரூரல் ஸ்டூடியோன்னு பேரு. பசங்க அந்தக் கிராமத்துலயே தங்கணும், அங்க இருக்கறவங்களுக்குக் கட்டணும். வாடகைக்கு மேஸ்திரி கிடையாது. பசங்களேதான் குழி வெட்டணும், கூரை ஏறணும்.

1994ல முடிஞ்ச மொத வீடு ஒரு வயசான தம்பதிக்கு. ஒழுகற குடிசையில பேரப்பிள்ளைங்களோட இருந்தவங்க. வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி மேல பூசினாங்க. செலவும் கம்மி, வெயில் குளிர் ரெண்டும் உள்ள எறங்காது. முன்னாடி பெரிய வராந்தா, ஏன்னா அந்தக் குடும்பம் பொழுதன்னைக்கும் இருந்தது வெளியதான். பின்னாடி பேரப்பிள்ளைங்களுக்கு உருளை வடிவத்துல மூணு சின்ன இடம். நம்ம திண்ணை நியாயம்தான் அது, வாழற இடம் எதுவோ அதுக்குத்தான் பெரிய இடம். அதே ஊர்ல 2000ல கட்டின சமுதாயக் கூடத்துக்கு ஒரு பக்கக் கூரை பழைய ஷெவர்லே கார்களோட முன்கண்ணாடி, மொத்தம் 80. மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. படம் பாருங்க, அசந்துடுவீங்க. மோக்பீக்கு அந்த வருஷம்தான் மக்ஆர்தர் விருது. அடுத்த வருஷக் கடைசியில ரத்தப் புற்றுநோயில போயிட்டார்.

இதுவரைக்கும் எல்லாரும் கை தட்டற கதை. எனக்கு சுவாரஸ்யம் இதுக்கப்புறம்தான். மோக்பீக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ ஃப்ரியர், இங்கிலாந்துக்காரர். வருஷத்துக்கு ஒரு வித்தியாசமான வீடு கட்டி ஒரு குடும்பத்துக்கு இலவசமாக் குடுத்து, பத்திரிகையில படம் வர்றது சரி. மீதி ஆயிரம் குடும்பம் என்ன பண்ணும்? 2005ல வேற ஒரு கேள்வியைப் பசங்களுக்கு வெச்சாங்க. முதியோர் உதவித்தொகையில மட்டுமே காலம் தள்ளற ஒருத்தரால மாசாமாசம் எவ்வளவு கடன் கட்ட முடியும்? கணக்குப் போட்டா மொத்தம் 20,000 டாலர் வந்தது. அந்தக் காசுக்குள்ள, உள்ளூர் கான்ட்ராக்டர் கூலியும் லாபமும் சேர்த்து, ஒரு வீடு வரணும். சுமார் 500 சதுர அடி. ஒழுகக் கூடாது, கரன்ட் பில் எகிறக் கூடாது, பார்க்கவும் லட்சணமா இருக்கணும்.

இப்போ பாருங்க, "அலையின் சுருள்" எல்லாம் இங்க வேகாது. ஒவ்வொரு ஆணிக்கும் கணக்கு. வருஷா வருஷம் ஒரு புதுக் குழு வந்து முந்தின குழுவோட வீட்டுல என்ன சரியில்லைன்னு பார்த்து அடுத்ததைக் கட்டினாங்க. புதுசாக் கண்டுபுடிக்கறதைவிட, போன வருஷத்துக்காரன் செஞ்சதை ரெண்டு சதவீதம் நல்லாப் பண்றதுதான் வேலை. பசங்க சிலர் டிகிரி வாங்கின பிறகும் வேலை முடியற வரைக்கும் ஊரைவிட்டுப் போகாம கட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. இதுல ஒரு வேடிக்கை: வீட்டு விலையைக் குறைச்சு முடிச்சா, இவ்வளவு சின்னக் கடனைக் கையாள பேங்க்குக்கு இஷ்டமில்லை, அதுல அவனுக்கு என்ன வருமானம்? ஆக, டிசைன்னா சுவரும் கூரையும் மட்டும் இல்லை, கடன், இன்சூரன்ஸ், விதிமுறை எல்லாமேதான்னு பசங்க அங்க படிச்சாங்க. இதை எந்த ஷீட்டுல ரெண்டர் பண்ணிப் படிக்க முடியும்?

ஒரு எதிர்க்கேள்வி வரும், வரணும். "ஏழைங்கதான் உங்க பசங்களுக்கு சோதனை எலியா?" ரூரல் ஸ்டூடியோவையும் இதையே கேட்டிருக்காங்க. வந்த பசங்க பெரும்பாலும் வெள்ளைக்கார வசதிக்காரப் பசங்க, வீடு வாங்கினவங்க பெரும்பாலும் கறுப்பின ஏழைங்க. பையன் ஒரு வருஷம் கத்துக்கிட்டுப் போயிடுவான், ஒழுகற வீட்டுல இருக்கப் போறது கிழவிதானே? காசு குடுக்காதவங்க "எனக்கு இது புடிக்கலை"ன்னு வாய் திறந்து சொல்லுவாங்களா? நியாயமான கேள்வி. இதை லேசுல தள்ளிட முடியாது.

எனக்குத் தோணற பதில், அந்த ஸ்டூடியோ ஊரைவிட்டுப் போகலைங்கறதுதான். 200 பேர்கூட இல்லாத நியூபெர்ன்ங்கற குக்கிராமத்துல முப்பது வருஷத்துக்கு மேல அங்கயே உக்காந்திருக்காங்க. ஒழுகினா எந்தக் கதவைத் தட்டணும்னு கிழவிக்குத் தெரியும். வாத்தியார் கடைக்குப் போனா வழியில அந்தம்மாவைப் பார்த்துத்தான் ஆகணும். இருநூறுக்கு மேல ப்ராஜெக்ட் பண்ணியிருக்காங்க, எல்லாமே சுத்துவட்டாரத்துலதான். நம்ம ஊர்ல பசங்க "கேம்ப்"னு ஒரு வாரம் கிராமத்துக்குப் போய், ஒரு சுவருக்கு வண்ணம் அடிச்சு, குரூப் போட்டோ எடுத்துட்டு வர்றாங்களே, அதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒரு வாரத்துல வர்றவனுக்கு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. டீ போட்டுக் குடுத்து அனுப்பிடுவாங்க.

இன்னொரு எதிர்க்கேள்வியும் உண்டு. ஒரு வாத்தியார் என்கிட்டயே கேட்டார். "இருபது வயசுல ஏர்போர்ட் கனவு காணாம எப்போ சார் காணறது? ஸ்டூல் செய்யச் சொன்னா கற்பனை சுருங்கிடாதா?" சுருங்காதுங்கறது என் கட்சி. ஏர்போர்ட் வேண்டாம்னு யாரு சொன்னா, நல்லாப் போடட்டும். ஒன்பது செமஸ்டர் ஏர்போர்ட், ஒரு செமஸ்டர் ஸ்டூல். இதைக்கூடக் கேக்கக் கூடாதா? அதுவும் இன்னிக்கு ஏ.ஐ.கிட்ட ஒரு வரி தட்டினா நிமிஷத்துல அலைச்சுருள் நாற்காலி அம்பது படம் வந்து விழுது. படத்துக்கு மட்டுமே மார்க்குன்னா அடுத்த பேட்ச் பசங்க எதுக்கு மூணு நாள் கண்ணு முழிக்கணும்?

ஆசையும் திறமையும் இல்லாம இல்லை. செட்டிநாட்டு வீடுகளை அளந்து வரையப் போற பசங்களோட ஷீட் பார்த்திருக்கேன், தூணோட ஒவ்வொரு நெளிவும் இருக்கும், கண்ணுல ஒத்திக்கலாம். அந்தத் திண்ணையில ஒரு மதியம் முழுக்கப் படுத்துப் பார்த்தியாடான்னு யாரும் கேக்கறதில்லை, அவ்வளவுதான். ஆரோவில்ல 1989ல ஆரம்பிச்ச எர்த் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போற பசங்க மண்ணைச் சலிச்சு, கொஞ்சம் சிமென்ட் கலந்து, மெஷின்ல அழுத்திக் கல்லு அறுத்து, அதை அடுக்கி வளைவு எழுப்பிட்டு வர்றாங்க. எங்க பொண்ணு கூடப் படிக்கறவன் ஒருத்தன் போய்ட்டு வந்தான். "மாமா, தாங்கு சட்டத்தை எடுத்தப்ப வளைவு நிக்குமான்னு எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு"ன்னான். அந்த நடுக்கத்தைத்தான் நான் கேக்கறேன். ஜூரி முன்னாடி வர்ற நடுக்கம் வேற, இது வேற.

பெரிசா ஒண்ணும் வேண்டாம். காலேஜைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர். அதுக்குள்ள ஒரு அங்கன்வாடி இருக்கும், ஒரு கிளை நூலகம் இருக்கும், தையல் மெஷின் வெச்சிருக்கற அக்கா இருப்பாங்க, பழப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கற பூக்காரம்மா இருப்பாங்க. ஆளுக்கு ஒருத்தர். பட்டறையில ஒரு ஆசாரிக்கு வாத்தியார் சம்பளம் குடுத்து உக்கார வெக்கணும், அட்டையில அவர் பேருக்கு ஒரு கட்டம் போடணும். செஞ்சு குடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்க்கணும். அந்தம்மா அதுல உக்காந்திருக்காங்களா, இல்லை அதுமேல பூக்கூடையை வெச்சுட்டு மறுபடி பழப்பெட்டியிலயே உக்காந்திருக்காங்களா?

இதையெல்லாம் எங்க பொண்ணுகிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் புலம்பித் தீர்த்தேன். "சரி மாமா, ஒரு ஆளைச் சொல்லுங்க"ன்னா. எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனைக் காட்டினேன். அவரோட நாற்காலி நீங்களும் உங்க தெருவுல பார்த்திருப்பீங்க. கால் உடைஞ்ச ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுக்குள்ள முதுகு உடைஞ்ச இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி சொருகி, சணல் கயிறு போட்டுக் கட்டினது. என்னைக் கேட்டா அந்தக் கண்காட்சியில வெச்சிருக்க வேண்டிய நாற்காலி.

டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் அவரை உக்கார வெச்சு அளந்தா. தரையில இருந்து முட்டிக்குப் பின்னாடி வரைக்கும் 40 செ.மீ. "எப்படி இருந்தா நல்லாருக்கும்ங்க தாத்தா?"ன்னு கேட்டிருக்கா. அவரு ரொம்ப நேரம் யோசிச்சிருக்கார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே. அப்புறம் வரிசையா வந்திருக்கு. மழைத் தண்ணி தேங்கக் கூடாது. தூக்குப்போசி மாட்ட ஒரு கொக்கி வேணும். கேட்டுக்கும் நிழலுக்கும் ஒரு கையால இழுக்கற மாதிரி லேசா இருக்கணும், ஆனா எவனும் தூக்கிட்டுப் போற அளவுக்கு லேசா இருக்கக் கூடாது. கைப்புடி கண்டிப்பா வேணும், முட்டி வலிக்கு ஊன்றி எந்திரிக்கறதுக்கு. எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டு கிளம்பறப்போ மறுபடி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "முதுகை மட்டும் நல்லா உசரமா வையி கண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல கொஞ்சம் கண்ணு அசந்தா, பின்னாடி இருந்து பார்க்கற செக்ரட்டரிக்குத் தலை தெரியக் கூடாது." :-)